முற்றத்து வெயிலில் எடுத்த நான்கு படங்கள்

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப்போவதில்லை. அன்று அந்த முற்றத்தில் கேமராவோடு நின்றது நான்தான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் பெயர் நிலோஃபர். நாகூரில் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுப்பேன். அங்கே ஆண்கள் வர முடியாது என்பதால் எனக்குப் பிழைப்பு ஓடியது. என்னிடம் இருந்தது ஒரே ஒரு டிஜிட்டல் கேமரா. 2004-ல் என் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்தது. ஏழு வருஷத்தில் அது மக்கர் செய்ய ஆரம்பித்தது. அறைக்குள் எடுத்தால் படம் நன்றாக விழும். வெயிலில் எடுத்தால் வெள்ளை வெளேரென்று வரும். முகமும் தெரியாது, சேலையும் தெரியாது. வெளிச்சத்தை எவ்வளவு வாங்குவது என்கிற ஐஎஸ்ஓ அளவைக் கடைசி வரை குறைத்தேன். வெளிச்ச அளவை மைனஸ் இரண்டில் வைத்தேன். மெமரி கார்டைக்கூட மாற்றிப் பார்த்தேன். பலனில்லை.

நாகப்பட்டினத்தில் கேமரா ரிப்பேர் பார்க்கும் ராம்கி, லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"உள்ள சின்னச் சின்ன இதழ் இருக்கும்க்கா. வெயில்ல நம்ம கண்ணு சுருங்குதுல்ல, அது மாதிரி அதுவும் சுருங்கணும். இது விரிஞ்சபடியே சிக்கிக்கிச்சு. பழைய மாடல், பார்ட் கிடைக்காது. வீட்டுக்குள்ள மட்டும் எடுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷமாவின் கல்யாணம். அவள் அம்மா மெஹராஜ் பேகம் எங்கள் தெரு. எனக்கு மூத்தவர், நான் லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். லாத்தாவின் கணவர் உபைதுல்லா 1997-ல் சவூதிக்குப் போனார். விசா ஏற்பாடு செய்து அனுப்பியது லாத்தாவின் அண்ணன் மீரா உசேன். அதுதான் அவருக்குத் தொழில். இரண்டு வருஷம் கடிதம் வந்தது. அப்புறம் நின்றுபோனது.

"அங்கேயே ஒருத்தியக் கட்டிக்கிட்டான். இனிமே அவன எதிர்பார்க்காதே" என்று மீரா உசேன் தங்கையிடம் சொல்லிவிட்டார். லாத்தா அழவில்லை. கணவரின் படங்களை எல்லாம் அடுப்பில் போட்டார். வீடு வீடாகச் சேலை விற்று மகளை ஆளாக்கினார்.

2011 மே மாதம். கல்யாண வீட்டில் சரியாக 12.31-க்குக் கரண்ட் போனது. அறைகளில் புழுக்கம். பெண்கள் எல்லாரும் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். ஷமாவின் நாற்காலியையும் அங்கேயே கொண்டுவந்து போட்டார்கள். உச்சி வெயில்.

"இங்கயே எடு நிலோ" என்றார் லாத்தா.

கேமரா கெட்டுப்போனதை யாரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். எடுத்தேன்.

12.38. முதல் படம். திரையில் பார்த்தேன். நினைத்தது போலவே எல்லாம் பாலாகக் கரைந்திருந்தது. ஷமா இல்லை, சுற்றி நின்ற பெண்கள் இல்லை. ஆனால் வடக்குத் தூண் பக்கத்தில் ஓர் ஆள் நின்றிருந்தார். அவர் மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தார். காக்கிச் சட்டை. தலையில் கட்டம் போட்ட துணி.

பெண்கள் பக்கத்தில் ஆம்பளையா?

நிமிர்ந்து பார்த்தேன். தூண் பக்கத்தில் யாரும் இல்லை.

12.41. இரண்டாவது படம். அதே வெள்ளை. அந்த ஆள் இப்போது முற்றத்தின் நடுவில் இருந்தார். சட்டையெல்லாம் புழுதி. அவர் காலடியில் நிழல் இல்லை.

சரக்... சரக்...

மணலில் காலை இழுத்து நடக்கிற சத்தம். எங்களைச் சுற்றி இருந்தது சிமெண்ட் தரை.

12.44. மூன்றாவது படம். ஷமாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவர் கை அவள் தலைக்கு மேல் நீட்டியிருந்தது.

லாத்தாவைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். முகம் கறுத்தது.

"வந்துட்டாரா" என்றார். "ஷமாவோட வாப்பா."

உயிரோடு வந்து எங்கோ ஒளிந்து நிற்கிறார் என்றே லாத்தா நினைத்தார். மகளின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார்.

"இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு வந்தீங்க? எங்களுக்கு நீங்க எப்பவோ செத்துட்டீங்க. அவளத் தொடாதீங்க. போங்க."

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

சரக்...

நின்றது.

என் விரல் தானாக அழுத்தியது. 12.47.

நான்காவது படம்.

அவர் லாத்தாவுக்கு எதிரே நின்றிருந்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது. வாய் பாதி திறந்திருந்தது. ஒரு வார்த்தை பேசவிட்டால் போதும் என்று கெஞ்சுகிற முகம்.

12.48. இன்னொன்று எடுத்தேன்.

வெறும் வெள்ளை.

"எல்லாத்தையும் அழிச்சிடு" என்றார் லாத்தா. "ஷமா கண்ணுல படக் கூடாது." நான்காவது படத்தை அவர் பார்க்கவே இல்லை. ஒவ்வொன்றாக அழித்தேன்.

உபைதுல்லா வந்திருக்கிறார், தேடிப் பாருங்கள் என்று ஆண்கள் பக்கம் ஆள் அனுப்பினார் லாத்தா. பெண்கள் பக்கத்தை மறைத்த திரைச்சீலை வரை மீரா உசேன் வந்தார். முகமெல்லாம் வியர்வை.

"அவன் எப்படி வருவான்?" என்றார். தேடாமலே திரும்பிப் போய்விட்டார்.

2012 பிப்ரவரியில் லாத்தாவைத் தேடி இப்ராஹிம் என்பவர் வந்தார். சவூதியில் ஓர் ஆட்டுப் பண்ணையில் உபைதுல்லாவோடு வேலை பார்த்தவர், இப்போதுதான் வேலையை விட்டு ஊரோடு வந்திருந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"தொண்ணூத்தொம்பது ஜூன் மாசம்மா. முதலாளி ஊருக்கும் விடல, ஃபோன் பேசவும் விடல. பதினோரு கிலோமீட்டர் தள்ளி ரோட்டுக் கடையில ஒரு ஃபோன் இருந்துச்சு. வீட்டுல பேசிட்டு வந்துடுறேன்னு சொல்லிட்டு மணல்ல நடந்தாரு. மூணு நாள் கழிச்சுத்தான் கெடைச்சாரு. நான்தான் குளிப்பாட்டி அடக்கம் பண்ணினேன்."



"பன்னெண்டு வருஷமா ஏன் சொல்லல?" என்று கேட்டார் லாத்தா.

இப்ராஹிம் குழம்பிப்போய்ப் பார்த்தார். "சொன்னேனேம்மா. அந்த வருஷமே லீவுல வந்து உங்க அண்ணன்கிட்ட சொன்னேன். வீட்டுல நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்னாரு."

லாத்தா போய் மீரா உசேனைக் கேட்டதற்கு, "நீ தாங்க மாட்டேன்னு நெனச்சேன்" என்றாராம். அவர் அனுப்பிய ஆள் செத்தான் என்று ஊருக்குத் தெரிந்தால், அடுத்த விசாவுக்கு யார் வருவார்கள்? இன்றும் அவர் ஆள் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்.

அந்த வாரமே லாத்தா என் வீட்டுக்கு வந்தார்.

"அந்தப் படம் ஒண்ணாச்சும் இருக்கா நிலோ?"

"இல்ல லாத்தா."

எழுந்து வாசல் வரை போனவர் திரும்பினார்.

"நான் போங்கன்னு சொன்னதும் ஒண்ணு எடுத்தியே. அதுல அவர் முகம் எப்படி இருந்துச்சு?"

"எல்லாம் வெளுத்துப் போயிருந்துச்சு லாத்தா" என்றேன். "ஒண்ணுமே தெரியல."