சம்மந்தி வீட்டு பிரிட்ஜ் போடும் சத்தம்

பிரிட்ஜ் திருத்துகிறவனுக்குக் கண்ணைவிடக் காதுதான் சோறு போடுகிறது. அது 'கர்' என்றால் நீங்கள் பயந்துபோய் எனக்குப் போன் எடுப்பீர்கள். 'கர்' நின்றாலும் எனக்குத்தான் எடுப்பீர்கள்.

எண்ணெய் பொரியும் சத்தம்

மாத்தளை டவுனில் ஓர் அம்மா, பிரிட்ஜுக்குள் யாரோ வடை சுடுகிறார்கள் என்று கூப்பிட்டார். காதை வைத்துக் கேட்டேன். உள்ளே கேஸ் ஓடுகிற சத்தம். நல்ல பிரிட்ஜ் அப்படித்தான் பொரியும் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினேன். அம்மாவுக்கு மனம் ஆறவில்லை.

"என்ன பாஸ், ஒண்ணுமே செய்யாம போறீங்க? ஒரு ஸ்க்ரூ ஆணியையாவது கழட்டிப் பூட்டிட்டுப் போங்க."

கல்யாண மண்டபத்துச் சத்தம்

தொழில் செய்கிறவனை 'பாஸ்' என்று கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். அந்த அம்மா கூப்பிட்டதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என் மகளின் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அப்பா, அரசாங்கக் கந்தோரில் பெரிய கிளாக்காக இருந்தவர், தன் சிநேகிதர்களிடம் என்னைக் காட்டிச் சொன்னது வேறு. நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான். ஆனாலும் அதிலிருந்த கேலி எனக்கு விளங்கியது. அவர் சொன்ன இந்த ஒரு வரிக்காக நாலு வருசம் அவரோடு பேசவில்லை.

"இவர்தான் நம்ம பிரிட்ஜ் பாஸ்."

டிக், டிக்

போன வருசம் ரத்தோட்டையிலிருந்து மகள் போன் எடுத்தாள். மாமனார் வீட்டு பிரிட்ஜ் குளிரவில்லையாம். அவருடைய இன்சுலின் மருந்து முழுக்க அதற்குள்தான். "அப்பா, மாமாவோட நீங்க பேச மாட்டீங்க. பிரிட்ஜோடயாவது பேசுங்க" என்று போனை அதன் பின்பக்கம் பிடித்தாள். 'டிக்' என்றது. கொஞ்சம் முனகியது. மறுபடி 'டிக்'. அப்புறம் மௌனம். மோட்டார் எழும்பப் பார்க்கிறது, முடியவில்லை.

இன்சுலினைப் பையில் கட்டி, தண்ணீர் ஊற்றிய மண்சட்டிக்குள் நனையாமல் வைக்கச் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஏறினேன். மோட்டாரைக் கிளப்பும் ரிலேதான் போயிருந்தது. புதியதை மாட்டும்போது சம்மந்தியே டோர்ச் பிடித்தார். வெளிச்சம் ஓரிடத்தில் நிற்கவில்லை. பிரிட்ஜ் ஓடத் தொடங்கியதும் நாலு வருசத்துக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

"ஓடுது. ஆனா சத்தம் போடுதே?"

தண்ணீர் ஓடும் சத்தம்

இப்போது அவரே போன் எடுக்கிறார், பதினைந்து நாளைக்கு ஒருமுறை. மோட்டார் நின்றதும் உள்ளே தண்ணீர் ஓடுவதுபோல் கேட்கிறதாம். கேஸ் அடங்குகிற சத்தம் அது, போனிலேயே சொல்லிவிடலாம். ஆனாலும் போகிறேன். உட்கார எனக்கும் ஒரு கதிரை போட்டிருப்பார், பிளேன் டீயும் சீனியும் இருக்கும்; அவருடையதில் சீனி இல்லை. இரண்டு பேரும் பிரிட்ஜையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நான் எழும்பப் பார்த்தால் விடமாட்டார்.

"இப்ப கேக்கல்ல. கொஞ்சம் இருங்க, வரும்."

அந்த பிரிட்ஜில் பழுதே இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், ஆனால் அவர் மன்னிப்புக் கேட்கும்வரை நானாக அதைச் சொல்வதாக இல்லை.