மகளைப் பிடித்துக் கொடுக்க ஒரு வாக்கியம்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துவது, தானே தத்தளித்துக்கொண்டு அடுத்தவருக்கு நீச்சல் கற்றுத்தருகிற பிழைப்பு. கம்பம் ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அந்தப் பிழைப்பைப் பார்த்தவள் நான். ‘டேக் கேர்’ என்ற இரண்டே சொல் என்னைப் படுத்திய பாடு, கரும்பலகை முன்னால் நின்றவர்களுக்குப் புரியும்.

கொண்டை ஊசி வளைவு

குமுளிக்கு ஜீப் ஓட்டும் பாண்டி, வெளிநாட்டுக்காரர்களிடம் நாலு வார்த்தை பேச ஆசைப்பட்டுச் சேர்ந்தார். விடைபெறும்போது ‘டேக் கேர்’ சொல்லலாம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம் என்றேன். மனிதர் அதை மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் பின்னால் திரும்பிச் சொல்லியிருக்கிறார். சவாரி வந்த தம்பதி பாதி வழியிலேயே இறங்கி நடந்துவிட்டார்கள். மறுநாள் என்னிடம் பாவமாகக் கேட்டார்: “அக்கறையாத்தேன் டீச்சர் சொன்னேன், எதுக்கு இறங்கிட்டாக?”

மூன்று காலம்

திராட்சைத் தோட்டக்காரர் முத்தையாவுக்கு ஒரே ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. மகள் ஜோதி அயர்லாந்தில் நர்ஸ். அங்கேயே, அந்த ஊர்க்காரரையே கல்யாணம் செய்துகொண்டாள். இவருக்கு விசா கிடைக்கவில்லை. தாரை வார்த்து, மகள் கையை மாப்பிள்ளை கையில் பிடித்துக் கொடுத்து, ‘பார்த்துக்கங்க’ என்று சொல்லாதது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. போனிலாவது சொல்லிவிட வேண்டும் என்று வந்தார்.

‘டேக் கேர் ஆவ் மை டாட்டர்’ என்று எழுதிப் போட்டேன். கேர் அவர் வாயில் கார் ஆனது. ஓர் எஃப் போட்டால் ‘ஆவ்’, இரண்டு போட்டால் விளக்கை அணைக்கிற ‘ஆஃப்’ என்றேன். அத்தோடு சும்மா இருந்தேனா? டேக், டுக், டேக்கன் என்று மூன்று காலத்தையும் ஒப்பிக்கச் சொன்னேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் சொன்னார்: “இதுவரைக்கும் பார்த்துக்கிட்டதை விடுங்க டீச்சர், அது என் பாடு. இனிமே பார்த்துக்கிறதை மட்டும் சொல்லிக்குடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை போன்

புதிதாக வாங்கிய செல்போனோடும் மனைவி பேச்சியம்மாளோடும் வகுப்புக்கே வந்துவிட்டார். நான் பக்கத்தில் இருந்தால் தைரியமாம். ஜோதி பேசிவிட்டு வீட்டுக்காரரிடம் போனைக் கொடுத்ததும், முத்தையா எழுந்து நின்றார். எதிரே ஆள் நிற்பதுபோல வலது கையை நீட்டினார். பேச்சியம்மாள் என் மேஜை மேலிருந்த தம்ளரை எடுத்து, அந்தக் கை மேல் தண்ணீர் வார்த்தார். வருகைப் பதிவேடு நனைந்தது. நான் நகர்த்தவில்லை, கண்ணீர் என் கண்ணை மறைத்தது.

“டேக் கார் ஆப் மை டாட்டர்” என்றார், நிறுத்தி நிதானமாக.  அந்தப் பக்கமிருந்து நீளமாக என்னவோ கேட்டது. போனை வைத்ததும், மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று கேட்டேன். ஈரக் கையைத் துடைக்காமலே சொன்னார்: “ஒண்ணும் புரியல டீச்சர். கடைசியில மட்டும் ‘மாமா’ன்னு சொன்னாக.”

என் வகுப்பில் முழுசாகத் தேறிய ஒரே ஆள், கடைசிவரை கேரைக் கார் என்றே சொன்னவர்தான்.