கடதாசிக் கரைக் கோணாமலையர்

எந்தக் கடதாசியைக் கொடுத்தாலும் கோணாமலையர் முதலில் அதை வாசிப்பதில்லை. இரண்டு விரலால் முனையைப் பிடித்து, வலது காதருகே கொண்டுபோய், ஒருமுறை உதறிக் கேட்பார். நான் அரைக்காற்சட்டை போட்ட காலத்திலிருந்து பார்த்து வருகிறேன். கோயில் நோட்டீசு, மரண அறிவித்தல், அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த வரிக் கடிதம், எல்லாவற்றுக்கும் அதே விசாரணைதான். எங்கள் குடும்பத்துக்கு முதன்முதலாக வந்து சேர்ந்த பட்டச் சான்றிதழை நான் பெருமையோடு நீட்டியபோதும் உதறினார்.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா தடிப்புக் கூட. எட்டாய் மடிச்சா உளி இறங்காது."

என் மூன்று வருடப் படிப்புக்கு இதைவிடச் சுருக்கமான மதிப்புரை இன்னும் கிடைக்கவில்லை.

சேலைக்குக் கரை இருப்பதுபோலக் கல்யாணப் பந்தலுக்கும், கோயில் சப்பறத்துக்கும், கடை அலுமாரித் தட்டுகளுக்கும் ஓரத்தில் தொங்கவிடக் கடதாசியில் பூவேலைக் கரை போடுவது அவர் தொழில். உட்துறைமுக வீதியில் ஒரு தேநீர்க்கடையின் பக்கச் சுவரோடு அவருடைய மரக்குற்றி கிடக்கிறது. அதன்மேல் ஈயத் தகடு. கடதாசியை எட்டாக மடித்து வைத்து, முனையில் பூ வெட்டிய இரும்பு உளியை நிறுத்தி, சுத்தியலால் ஒரே போடு. விரித்தால் எட்டு மல்லிகை. உளிகளெல்லாம் ஒரு பழைய பிஸ்கற் தகரப் பேணிக்குள் இருக்கும். மீன் உளிக்கு வால் உடைந்து பல வருடமாகிறது. அதிலிருந்து வரும் பிராணியை அவர் அன்னம் என்று சொல்லி விற்கிறார்.

கரை இல்லாத எதையும் மதிக்கமாட்டார். துறைமுகத்தில் சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள் வந்து நின்றபோது ஊரே வாய்பிளந்து பார்த்தது. அவர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். "இவ்வளவு இரும்பு செலவழிச்சிருக்கிறாங்கள். விளிம்பிலே ஒரு மாங்காய் வைக்க ஆளில்லை."

சண்டை வந்ததும் வண்ணக் கடதாசி வருவது நின்றது. கொஞ்சநாள் பத்திரிகைத் தாளில் கரை போட்டார். உலகத்தை ஆட்டிவைக்கிற தலைவர்கள் மூக்கில் நட்சத்திர ஓட்டையோடு பலசரக்குக் கடைகளில் தொங்கினார்கள். பிறகு சித்திரையில் யப்பான்காரன் குண்டு போட்டான். ஊர் காட்டுப் பக்கம் ஓடித் திரும்பி வந்ததும், யன்னல்களை மறைக்கச் சொல்லி அரசாங்கமே வீடு வீடாகக் கறுப்புக் கடதாசி கொடுத்தது. அதைச் சுமந்துபோய்க் கொடுத்தவன் நான். ஊரிலிருந்தே பரீட்சை எழுதி வாங்கிய இலண்டன் பட்டம் எனக்குத் தேடித்தந்த உத்தியோகம் இருட்டடிப்புக் காவலர். சம்பளத்தைவிட இரும்புத் தொப்பி கனம். கோணாமலையர் கறுப்பை வாங்கி உதறினார், கண்ணை மூடிக் கேட்டார். "இதெல்லோ கடதாசி!" என்றார். என் சான்றிதழுக்குக் கிடைக்காத மரியாதை.

அந்த ஆவணியில் என் தங்கை கமலாதேவிக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் தாய் பத்மாசனி, நிலாவெளிக்காரி. குண்டு விழுந்த ஊரில் பெண் எடுப்பதா என்று ஏற்கெனவே ஒருமுறை நாளைத் தள்ளிவைத்தவர். இன்னொரு குறை கண்ணில் பட்டால் சம்பந்தமே போய்விடும் என்று அம்மாவுக்குப் பயம். பந்தலுக்குச் சிவப்புக் கரை வேண்டும் என்று கோணாமலையரிடம் சொல்லி, ஒரு முழு அறக்குளாக் கருவாட்டை அச்சாரமாகக் கொடுத்தார். இந்தக் காலத்தில் சிவப்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். "அது என்ர பொறுப்பு" என்றார். கருவாடு ஒரு கிழமையில் முடிந்தது. பொறுப்பு அப்படியே இருந்தது.

கல்யாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் ஒரு சுருளோடு வந்து விரித்தார். கறுப்பு.

"என்ன இது?" அம்மா சுருளின் நுனியைத் தூக்கிப் பார்த்தார்.

"மல்லிகை, யோகம்மா."

"கல்யாண வீட்டிலே கறுப்பு மல்லிகையோ? பத்மாசனி வாசலோடை திரும்பிப் போவா!"

"நீங்கள் கறுப்பைப் பாக்கிறியள். ஓட்டையைப் பாருங்கோ."

"அந்தக் கருவாட்டிலே முள்ளாவது மிச்சம் இருக்கோ அண்ணை? அதைத் தொங்கவிட்டாலும் வெள்ளையா இருக்கும்."

அவர் அசையவில்லை. பந்தல் வேண்டாம், யன்னலில் ஒட்டுவோம் என்றார். "பந்தலிலே கறுப்புத் தொங்கினா இழவு. யன்னலிலே தொங்கினா அரசாங்கம். ஆர் என்ன சொல்ல ஏலும்?"

நான் பசைச் சட்டியைப் பிடித்தேன். கூடத்தின் கிழக்குப் பக்கக் கண்ணாடி யன்னல்களில் இருந்த வெறும் கறுப்பைக் கிழித்துவிட்டு, பூப்போட்ட கறுப்பை ஒட்டினார். வெளிச்சம் வெளியே போகாதிருக்க அரசாங்கம் தந்த கடதாசியில் நூற்றுக்கணக்கான ஓட்டை, அதுவும் காவலர் வீட்டில்.

"வெளிச்சம் போகுமே அண்ணை?" என்று அம்மா கேட்டார்.

"லாம்பு கொளுத்தாதையுங்கோ."

அன்றிரவு எங்கள் வீட்டில் சட்டம் காக்கப்பட்டது. மருதோன்றி போட வந்த பெண்கள் பாதியைப் பாயில் பூசினார்கள்.

காலையில் பத்மாசனி வந்தார். வெறும் மாவிலைத் தோரணத்தை அண்ணாந்து பார்த்தார். கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன இருட்டாக் கிடக்கு? செத்த வீடோ?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அந்த நேரம் எதிர்வீட்டுக் கூரைக்கு மேலாக வெயில் ஏறியது. யன்னல்களால் மல்லிகை இறங்கி, பாயிலும் மணவறைப் படியிலும் வரிசை வரிசையாக விழுந்தது. ஒரு வரிசை கமலாதேவியின் சேலைக்கு இரண்டாவது கரையாகக் கிடந்தது. பத்மாசனி உள்ளே வைக்கத் தூக்கிய காலை மெல்லப் பின்னுக்கு எடுத்தார். திரும்பி, "மிதியாதையுங்கோ, ஓரமா வாங்கோ" என்று தன் ஆட்களை அதட்டினார். வெயிலை மிதித்தால் என்ன கெட்டுவிடும் என்று ஒருவரும் கேட்கவில்லை. தாலி ஏறியது.

கோணாமலையர் அப்போது பின்வளவில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி நடந்ததைச் சொன்னார்கள். கொட்டாவியை முடித்துவிட்டு, "ஓம், வெயிலுக்கு நேற்றே சொல்லி வைச்சனான்" என்றார். நிலாவெளியில் அதை இன்றைக்கும் நம்புகிறார்கள். ஓரத்தில் தொங்கும் கடதாசிக்கு வந்த இந்தப் பெயர், கும்பினிக் கந்தோர்களுக்கெல்லாம் வேலை கேட்டு விண்ணப்பம் போட்டுத் திரிந்த எனக்கு ஏன் வரவில்லை என்று நான் யோசிப்பதுண்டு. யோசனை முற்றுமுன் தொப்பியை மாட்டிக்கொண்டு சுற்றக் கிளம்பிவிடுவேன்.

அம்மா மட்டும் மயங்கவில்லை. "கேட்டது சிவப்பு, தந்தது கறுப்பு. கருவாட்டுக் கடன் அப்பிடியே நிக்குது" என்று குற்றி கிடக்கும் வீதியால் போகும்போதெல்லாம் சொல்லுவார். "ஓம் யோகம்மா, நிக்குது" என்று அவரும் மறுக்காமல் ஒப்புக்கொள்வார்.

கமலாதேவியின் மகள் இப்போது நடக்கிறாள். போன கிழமை அவளைத் தூக்கிக்கொண்டு குற்றியடிக்குப் போனேன். வழியில் ஒரு கடற்படைக்காரன் அவள் கையில் ஓர் இனிப்பைத் திணித்துவிட்டுப் போயிருந்தான். சுற்றியிருந்த தாள் சிவப்பு. கோணாமலையர் இனிப்பை உரித்து அவள் வாயில் போட்டார். உள்ளங்கை அளவுகூட இல்லாத அந்தத் தாளை முழங்காலில் வைத்து நீவினார். காதருகே கொண்டுபோய் உதறிக் கேட்டார். பிறகு பிஸ்கற் பேணியின் அடியிலிருந்து, இதேபோன்ற சிவப்புத் துண்டுகளை ஒட்டி ஒட்டி ஒரு முழம் வரை வளர்ந்திருந்த நாடாவை எடுத்து, அதன் நுனியில் பசை தடவினார்.