டிவிக்கு வைத்த பொட்டு

உங்கள் வீட்டு டிவி ஒரு நாள் ஆன் ஆகாமல் போனால் முதலில் எதைச் சோதிப்பீர்கள்? பிளக்கையா, ரிமோட்டையா, புருஷனைப் பறிகொடுத்து நிற்கிற பெண்ணின் ராசியையா? சிரிக்காதீர்கள். பாபநாசத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு வீட்டில் ராசியைத்தான் சோதித்தார்கள்.

கலைமகள் மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து வாழ வந்தவள். பாபநாசத்தில் ஓர் உரக்கடையில் பில் போடுகிறாள். கணவன் அன்பரசன் அறுவடை மிஷின் ஓட்டினான். ஒரு சம்பா அறுப்பு முடிந்த கையோடு, சுவரில் மாட்டுகிற பெரிய டிவியாக வாங்கி வந்தான். சாயங்காலங்களில் மகள் வானதியை மடியில் வைத்துக்கொண்டு பொம்மைப் படம் பார்ப்பான். குழந்தையைவிட அவன் சிரிப்புதான் வாசல்வரை கேட்கும். அடுத்த தை மாதம், வேலை முடிந்து வரும் வழியில், விளக்கில்லாமல் நின்றிருந்த வைக்கோல் டிராக்டரில் அவன் பைக் மோதியது. வானதிக்கு அப்போது இரண்டு வயது.

துக்க வீட்டில் டிவி போடுவதில்லை. பதினாறாம் நாள் காரியத்தன்று டிவிக்கு மேலே அன்பரசனின் படத்தை மாட்டினார்கள். மாமியார் அம்சவல்லி படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பிள்ளை ஆசைப்பட்டு வாங்கியதாயிற்றே என்று, டிவியின் கீழ்ச்சட்டத்து நடுவிலும் சந்தனத்தைக் குழைத்துப் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். வைத்துவிட்டு அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே அழுதாள்.

அன்று சாயங்காலம் வானதி ரிமோட்டைத் தூக்கிவந்து அம்மாவிடம் நீட்டினாள். கலைமகள் அமுக்கினாள். திரை கறுப்பாகவே இருந்தது. கீழே எப்போதும் தெரிகிற சின்னச் சிவப்பு விளக்கைக்கூடக் காணோம். கூடத்தில் உறவினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இவள் கை பட்டதும் இதுவும் போய்விட்டது என்று ஒருத்தி தொடங்கினாள். அந்தப் பேச்சு தெருக்கோடிவரை போக அதிக நேரம் ஆகவில்லை.

மறுநாள் கலைமகள் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். அதே பிளக்கில் மிக்சியைச் சொருகினாள், ஓடியது. ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டாள். கடையில் யாரோ சொல்லியிருந்தபடி ரிமோட்டின் முனையைச் செல்போன் கேமராவுக்கு நேரே பிடித்து அமுக்கினாள். போனில் ஊதா வெளிச்சம் மினுங்கியது. கரண்ட் வருகிறது, ரிமோட் வேலை செய்கிறது, அப்படியானால் கோளாறு டிவியில்தான். மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்லி அன்பரசனின் அண்ணன் துரைராசுவிடம் கேட்டாள். அவர் இன்ஜினியரிங் படித்தவர். அம்மா ஏற்கெனவே கோடாங்கிக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள் என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

கோடாங்கி வந்து உடுக்கை அடித்துக் குறி சொன்னார்.

"செத்தவன் ஆசை அந்தப் பொட்டியில நிக்குது. ஒரு வருசத்துக்கு அதக் கழட்டக் கூடாது. புள்ளையும் ஆத்தா மூச்சு படுற எடத்துல இருக்கக் கூடாது. மீறுனா அடுத்தது அதுக்குத்தான்."

கலைமகள் அதை நம்பவில்லை. ஆனால் 'அடுத்தது அதுக்குத்தான்' என்று ஒருவன் சொன்ன பிறகு, தாயானவள் எதை வைத்துப் பந்தயம் கட்டுவாள்? அம்சவல்லியோ பேத்தியை எண்ணி உண்மையாகவே நடுங்கினாள். பேராவூரணியில் இருக்கும் நாத்தனார் பூவிழிக்குப் பிள்ளை இல்லை. வானதியை அவள் தூக்கிக்கொண்டு போனாள். பஸ் கிளம்பும்வரை குழந்தை ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தது. பார்க்கப் போகவும் விடவில்லை. போனில் குரல் மட்டும் கேட்டாள்.

அந்த ஒரு வருஷமும் கலைமகள் டிவியைத் துடைத்து வந்தாள். திரையைத் துடைப்பாள், ஓரங்களைத் துடைப்பாள், பொட்டை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றித் துடைப்பாள். ஒருமுறை துணி அதன் அருகே போனபோது, துரைராசுவும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, அம்சவல்லி சொன்னாள்:

"அதத் தொடாதடி. அது இனிமே ஒனக்கில்ல."

வருஷத் திவசத்துக்குப் பூவிழி வானதியோடு வந்திருந்தாள். மறுநாள் துரைராசு, சகாயராஜ் என்ற மெக்கானிக்கை அழைத்து வந்தார். அவர் டிவியின் அடியில் கைவிட்டுத் துழாவி ஒரு பட்டனை அமுக்கினார். திரை பளிச்சென்று எரிந்தது. அப்படியொரு பட்டன் இருப்பதே அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ரிமோட்டை அமுக்கினார், அதற்கு மட்டும் டிவி அசையவில்லை. குனிந்து பார்த்தவர் கட்டைவிரல் நகத்தால் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினார். உள்ளே சின்னக் கண்ணாடி தெரிந்தது.

"ரிமோட்டு சொல்றது இந்தக் கண்ணு வழியாத்தாண்ணே உள்ள போவணும். செவப்பு லைட்டும் இதுக்குள்ளதான் இருக்கு. கண்ண மூடி விட்டுட்டு, பாக்க மாட்டேங்குதுன்னா அது என்னா பண்ணும்?" என்று சிரித்தார்.

கலைமகள் கேட்டாள். "வேற ஒண்ணுமே இல்லையாங்க?"

"ஒண்ணும் இல்லங்க. டிவி நல்லாத்தான் இருக்கு."

அம்சவல்லி மெக்கானிக்கின் நகத்தில் ஒட்டியிருந்த சந்தனத்தையே பார்த்தாள். "நாந்தானே வச்சேன்" என்றாள்.

பொம்மைப் படத்தின் சத்தம் கேட்டு வானதி உள்ளே ஓடி வந்தாள். "அம்மா, இங்க பாரும்மா" என்றாள். கலைமகள் பாதி எழுந்துவிட்டாள். குழந்தை அவளைத் தாண்டிப் போய்ப் பூவிழியின் மடியில் ஏறி உட்கார்ந்தது.

இப்போது தடுப்பார் யாரும் இல்லை. கலைமகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேராவூரணிக்கு பஸ் ஏறுகிறாள். தூக்கினால் குழந்தை வீறிடுகிறது, இறக்கிவிடுகிறாள். கோடாங்கி இன்னமும் அடுத்தடுத்த வீடுகளில் உடுக்கை அடித்துக்கொண்டுதான் இருக்கிறார். யாரும் அவரிடம் போய்ச் சுரண்டிய சந்தனத்தைக் காட்டவில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். 'அதத் தொடாத' என்று ஒரு பெண்ணிடம் யாராவது சொல்லும்போது, நீங்களும் துரைராசுவைப் போல வாய்மூடி உட்கார்ந்திருக்காதீர்கள். எழுந்துபோய்த் துணியை அவள் கையில் கொடுங்கள். துடைக்கச் சொல்லுங்கள்.