டவுட்டு இல்லாத வகுப்பு

கல்லூரி வாத்தியார் வேலை தொண்டையை வைத்துப் பிழைக்கிற வேலை என்று நம்பிச் சேர்ந்தவன் நான். சில வருடங்களிலேயே அதை விரல் வேலையாக்கிவிட்டார்கள். சாக்பீஸ் தூசி தின்ற சக ஜீவன்களே, உங்களுக்கும் இது நடந்திருக்கும். மொபைலில் இன்டர்நெட் வராத காலம். திருவொற்றியூரில் ஒரு தனியார் கல்லூரியில், வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் வணிகவியல் நடத்திக்கொண்டிருந்தேன்.

செருப்பைக் கழற்றவும்

பல்கலைக்கழகம் இன்டர்நெட்டில் ஒரு போர்ட்டல் திறந்தது. மாணவர்கள் அதில் சந்தேகம் கேட்க வேண்டும், நாங்கள் மறுநாளுக்குள் அதிலேயே பதில் போட வேண்டும். எத்தனை சந்தேகத்துக்குப் பதில் போட்டோம் என்று எண்ணி, ஆசிரியரின் 'ஈடுபாட்டை' அதுவே சொல்லும். குறைந்தால் அடுத்த வருடம் ஒப்பந்தம் கிடையாது. கம்ப்யூட்டருக்கு எங்கே போவது என்பதைத் தவிர சுற்றறிக்கையில் எல்லாம் இருந்தது.

கல்லூரியில் கம்ப்யூட்டர் அறை இல்லாமல் இல்லை. ஏசி, திரைச்சீலை, வாசலில் செருப்புகள். மாலையானால் கோயில் மாதிரி நடை சாத்திவிடுவார்கள். வேலை போய்விடும், கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள் என்று சாவி வைத்திருந்த ஊழியரிடம் கெஞ்சினேன். "கம்ப்யூட்டர் போனா வேற வாங்கித் தர மாட்டாங்க சார். வாத்தியார் போனா மறுநாளே வேற ஆள் போட்டுடுவாங்க" என்றார்.

பிளைவுட் வகுப்பு

ஆகவே காலடிப்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டருக்குக் குடியேறினேன். ஒருநாள் முரளி என்ற மாணவனிடமிருந்து தேய்மானம் பற்றி ஒரு சந்தேகம் வந்தது. ஹார்பரில் லோடு வேலை கிடைத்ததால் அன்று வகுப்புக்கு வராதவன். ஒற்றை விரலால் பதிலைத் தேடித் தேடி அடிக்கும்போது பக்கத்துத் தடுப்பில் இருமல் கேட்டது. எட்டிப் பார்த்தால் அவன்தான்.

பிளைவுட்டுக்கு மேலே தலையை நீட்டி அங்கேயே விளக்கினேன். சட்டென்று புரிந்துகொண்டான். ஆனால் வாயால் சொன்னது போர்ட்டலின் கணக்கில் சேராதே! மறுபடி உட்கார்ந்து அதையே அடித்தேன். "அதான் புரிஞ்சிருச்சே சார், இன்னும் யாருக்கு அடிச்சிகினு கீறீங்க?" என்றான்.

அத்தாட்சி

பருவத்தின் நடுவில் முதல்வர் கூப்பிட்டார். போர்ட்டலின் ஈடுபாட்டுப் பட்டியலில் நான் கடைசி. முதலிடத்தில் இருந்தவர் வகுப்புக்கு வந்து, "எல்லாம் போர்ட்டல்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிறவர். ஒன்றும் புரியாத அவருடைய பிள்ளைகள் சந்தேகங்களைக் கொட்டினார்கள். எல்லாவற்றுக்கும் அவர் 'பாடநூலைப் பார்க்கவும்' என்று பதில் போட்டார். ஈடுபாடு எகிறிவிட்டது.

"என் பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே புரிஞ்சிடுது சார்" என்றேன். எனக்கு வயிற்றெரிச்சல். முதல்வர் நிதானமாகச் சொன்னார்: "புரிஞ்சதுக்கு ரெக்கார்டு இல்லையே சார். டவுட்டுக்குத்தானே இருக்கு."

சந்தேக வெள்ளம்

அடுத்த வருடம் நான் இருக்க மாட்டேன் என்று வகுப்பில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். "இதுக்கா பேஜாராவுறீங்க? எத்தினி டவுட்டு வோணும் சார்?" என்று முரளி எழுந்தான். அதெல்லாம் வேண்டாம் என்று அதட்டி உட்கார வைத்தேன். யார் கேட்டார்கள்? அன்று மாலையே போர்ட்டல் நிரம்பிவிட்டது. கரும்பலகையில் என் கூட்டலையே திருத்துகிற ராயபுரத்து ஸ்டெல்லா, கடைசி வருடத்தில், முதல் நாள் பாடமான 'பற்று என்றால் என்ன?' என்று கேட்டிருந்தாள். பதில் போட்டதும், 'நன்றி. வரவு என்றால் என்ன?'

அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் பொறுப்பாகப் பதில் அடித்தேன். பக்கத்துத் தடுப்பிலிருந்து முரளியின் குரல் வந்தது: "நீட்டி எழுதாதீங்க சார், அடுத்த டவுட்டு ரெடியா கீது!"

பாராட்டு

வருடக் கடைசியில் பல்கலைக்கழக அதிகாரி காரில் வந்து இறங்கினார். போர்ட்டலில் என் பக்கத்தைத் திறந்து தலையாட்டித் தலையாட்டிப் படித்தார். என் வகுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கிளம்பும்போது கையைக் குலுக்கினார். "உங்க பசங்களுக்கு அடிப்படையே புரியல. அப்படியும் விடாம கேட்டுகிட்டே இருக்காங்கன்னா, அது உங்க திறமை சார்."

நான் நடத்தியது எதுவுமே புரியவில்லை என்று ஒரு வகுப்பே சேர்ந்து புளுகியதால்தான், அடுத்த வருடமும் என் வீட்டில் உலை கொதித்தது.