குடிலிலிருந்து பிய்த்த பஞ்சு

கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முதல் நாள் காலை, பாலன் பிறந்த மாட்டுக்கொட்டிலைப்போல வீட்டில் நான் கட்டிய குடிலுக்கு முன்னால் குந்தியிருந்தேன். என் மனைவி மெற்றில்டா குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "இஞ்ச வாங்க, பன்னீர்க்குடம் உடைஞ்சிட்டு" என்றாள். தை மாதம்தான் பிள்ளை என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள்.

அன்பான உறவுகளே, எங்கள் முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. அந்தச் சின்னப் பெட்டியைச் சேமக்காலைக்குத் தூக்கிப்போய்ப் புதைத்தவன் நான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பயமும் ஓர் ஆளைப்போலக் குடியிருந்தது. இரண்டாவது பிள்ளை தங்கியதிலிருந்து மெற்றில்டா சரியாக நித்திரை கொள்ளவில்லை. நானும் கொள்ளவில்லை. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. புத்தளத்துக்கு வடக்கே கரைத்தீவுப் பக்கம், கடல்நீர் தேங்கும் களப்பின் ஓரமாக எங்கள் வீடு. நான் களப்பில் நண்டும் இறாலும் பிடிக்கிறவன். அந்த மார்கழியில் மழை விட்டபாடில்லை. ஆறு பெருகி வீதியை மூடிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனில் கோல் எடுத்தேன். அம்புலன்ஸ் தண்ணீருக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும், எப்படியாவது கொண்டுவாருங்கள் என்றார்கள். எப்படிக் கொண்டுபோவது? கரண்டும் இல்லை. மெற்றில்டா கத்தத் தொடங்கிவிட்டாள்.

இந்த நேரத்தில் என் குடிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் கோயில் பங்கில் ஒவ்வொரு வருடமும் வீட்டுக் குடில் போட்டி நடக்கும். நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் பாதரும் சபையாரும் வீடு வீடாக வந்து பார்த்துப் புள்ளி போடுவார்கள். முதல் பரிசை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மின்னும் பல்புகள், வைக்கோல், களிமண் ஆடுகள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பனி. பார்மசியில் புதுப் பஞ்சு வாங்கி, கூரை முழுக்கப் பனி விழுந்ததுபோல ஒட்டுவேன். புத்தளத்து வெயிலில் பிறந்து வளர்ந்த எனக்குப் பனி எங்கே தெரியும்? வாழ்த்து மட்டையில் பார்த்ததுதான். ஆனால் பனி இல்லாவிட்டால் நத்தார் மாதிரியே இருக்காது என்று நினைத்தவன் நான்.

வேலிக்கு அப்பால், அக்கா முறையில் நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் ஹாஜரா ராத்தா இருந்தார். யுத்தத்தில், தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம் சனங்களில் ஒருவர். நான் கூப்பிட்டதுதான் தாமதம், முழங்கால் தண்ணீரில் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்துவிட்டார். பின்னாலேயே வந்த தன் கணவரிடம், "நீங்க போய் உழவு மெசின எடுத்துக்கிட்டு வாங்க" என்று அனுப்பினார்.

"ராத்தா, உங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

"புள்ளப்பேறு பாத்துப் பழக்கமில்ல தம்பி. பெத்துத் தெரியும். நாங்க ஓடி வரக்கொள்ள என்ட மகன வள்ளத்துலதான் பெத்தேன். சுத்திவர கடல். அல்லாஹ் காப்பாத்தினான். போய்ச் சுடுதண்ணி வையுங்க."

அறைக்குள் அவர் மெற்றில்டாவோடு கதைத்தபடியே இருந்தார். "பயப்புடாத புள்ள. மர்யம் அலைஹஸ்ஸலாம், உங்கட மாதாதான், ஈச்ச மரத்தடியில வலியோட தன்னந்தனியா நின்டாங்க. உனக்கு நான் இரிக்கேன்." சுடுதண்ணீரோடு வாசலில் நின்ற நான் அதைக் கேட்டேன். மாதாவின் பயத்தைப் பற்றி, குடில் கட்டுகிற எனக்கு ஒரு முஸ்லிம் பெண் சொல்லித்தர வேண்டியிருந்தது.

பிள்ளை பிறந்தது. அழவில்லை.

அந்த அமைதி எனக்குத் தெரிந்த அமைதி. முதல் பிள்ளைக்கும் இதே அமைதிதான். மெற்றில்டா, "ஏன் அழேல்ல? ஏன் அழேல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ராத்தாவின் குரல் மாறியது. "தம்பி, மூக்கு வாயெல்லாம் சளி. பஞ்சு! சுத்தமான பஞ்சு இரிக்கா?"

நான் ஓடினேன். குடில் கூரையிலிருந்து பனியைப் பிய்த்தேன். நல்லவேளை, மினுக்கத்தூள் இன்னும் தூவவில்லை. கூரை சரிந்து சூசையப்பர் சிலை குப்புற விழுந்தது. பஞ்சை ராத்தாவிடம் கொடுத்துவிட்டு அங்கேயே முழந்தாளில் விழுந்தேன். மனப்பாடமான ஒரு செபமும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, நீரும் இப்படித்தானே வந்தீர். இந்தப் பிள்ளையைக் கைவிடாதேயும்" என்றேன்.

ராத்தா துடைத்தார். "பிஸ்மில்லாஹ், பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிச் சொல்லி முதுகைத் தேய்த்தார். நீலமாக இருந்த அந்த உடம்பு ஒருமுறை உதறியது. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். பிறகு வீடே அதிர ஓர் அழுகை. நானும் ஓவென்று அழுதேன்.

"தொப்புள் கொடிய வெட்டப் போகாதீங்க, ஆஸ்பத்திரியில பாத்துக்குவாங்க" என்று சொல்லி, பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு வைத்து ராத்தா தன் சால்வையால் சுற்றிக் கட்டினார். ராத்தாவின் கணவர் கொண்டுவந்த உழவு மெசினின் பின்பெட்டியில், மழைக்குப் பிடித்த தறப்பாளுக்குக் கீழே தண்ணீரைக் கடந்தோம். கரை சேரும்வரை மெற்றில்டாவின் கையை நான் விடவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இது என் ஆண்டவர் செய்தது. ஒரு ராத்தாவின் கையால் செய்தார்.

அன்று ஆஸ்பத்திரி விறாந்தையில்தான், இத்தனை காலமும் நான் கொண்டாடியது வாழ்த்து மட்டையை என்று விளங்கியது. மாதாவின் வேதனையைப் பற்றி வேதம் படித்தவர்கள் பேசட்டும். அவருடைய கணவர் சூசையப்பர் எவ்வளவு பயந்திருப்பார், அது எனக்குத் தெரியும். இடமில்லாத ஊரில், உதவிக்கு ஆளில்லாமல், பிள்ளையைக் கொல்லத் தேடிய ஏரோது ராசாவின் வாள் பின்னால் வர, அந்தப் பயத்துக்குள் கடவுள் ஒரு பிள்ளையாக வந்தார். பயம் போன பிறகு அவர் வரவில்லை. பயத்தின் நடுவில்தான் வந்தார். நான் இன்றும் பயப்படுகிறவன்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விடியும்வரை நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் இப்போது தனியாகப் பயப்படுவதில்லை.

அடுத்த வருடமும் குடில் கட்டினேன். போட்டிக்குப் பார்க்க வந்த ஒருவர், "என்ன, இந்த முறை பனியக் காணேல்ல?" என்று கேட்டார். வைக்கோலை இழுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்த என் மகளைக் காட்டினேன். "போன முறையே பனி முழுக்க அவளுக்கு முடிஞ்சுபோச்சு, சேர்" என்றேன்.

அந்த வருடம் பரிசு கிடைக்கவில்லை. உங்கள் வீட்டிலும் இந்த நத்தாருக்கு ஏதாவது பயம் குடியிருந்தால், அதை மறைத்துவிட்டுக் குடில் கட்டாதீர்கள். அதையும் கொண்டுபோய், குடிலில் கிடக்கும் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் வையுங்கள்.