பூட்டி வைக்கக் கொடுத்த முதல் பரிசு

கோயம்புத்தூரில் எந்தப் போட்டி நடந்தாலும் நடுவர் நாற்காலி ஒன்று சென்னகிருஷ்ணனுக்காகக் காத்திருக்கும். கோலம், கொழுக்கட்டை, குறள் ஒப்பித்தல், கொழுகொழு குழந்தை என்று எல்லாவற்றுக்கும் அவர் மதிப்பெண் போட்டிருக்கிறார். தொழில் என்னவோ கணபதியில் பம்ப்செட் உதிரிபாகக் கடைதான். ஆனால் அவர் போட்ட மதிப்பெண்ணால் இதுவரை யாரும் கோபித்துக்கொண்டு போனதில்லை. ஒரு கோலப் போட்டியில் கவுன்சிலரின் மருமகளும் நன்கொடையாளரின் மகளும் மோதிக்கொண்டபோது, ஒருத்திக்கு முதல் பரிசும் இன்னொருத்திக்குச் 'சிறப்பு முதல் பரிசும்' கொடுத்தார். நன்றாகக் கோலம் போட்டிருந்த பெண்ணுக்கு ஆறுதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் கிடைத்தது. இதற்கு அவர் வைத்திருந்த பெயர் நடுநிலை. பெரிய இடத்துக்கும் சின்ன இடத்துக்கும் நடுவில் நின்று, பெரிய இடத்தின் பக்கம் லேசாகச் சாய்ந்துகொள்வது.

கருமத்தம்பட்டிப் பக்கம் நூல் மில் வைத்திருக்கும் அரங்கசாமி ஒரு கலை அறக்கட்டளை நடத்துகிறார். மில் ஓரளவு வளர்ந்த பிறகு முதலாளிகளுக்குக் கலை மேல் பாசம் வருவது இந்தப் பக்கத்து வழக்கம். இந்த வருடம் அச்சு ஓவியப் போட்டி. அறக்கட்டளையில் ஓர் உறுப்பினர் இடமும் காலியாக இருந்தது. பரிசளிப்பு மேடையில் அதற்குச் சென்னகிருஷ்ணன் பெயரை அறிவிப்பதாகப் பேச்சு. கூப்பிட்டு வந்த நடுவராக இல்லாமல், வீட்டுக்காரர் வரிசையில் உட்கார வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மனைவி பங்காரம்மா அந்தச் செய்தியைத் தன் அண்ணன் தம்பிகளுக்கெல்லாம் ஏற்கனவே போனில் சொல்லிவிட்டாள்.

மரக்கட்டையிலோ லினோலிய விரிப்பிலோ படத்தைச் செதுக்கி, மை தடவித் தாளில் ஒற்றி எடுப்பதுதான் அச்சு ஓவியம் என்பதைச் சென்னகிருஷ்ணன் அழைப்பிதழைப் படித்துத் தெரிந்துகொண்டார். கூட இருந்த நடுவர் வம்சிக்கு அந்த அளவும் தேவைப்படவில்லை. அவர் வாஸ்து நிபுணர்.

"கருப்பு ஆகாதுங்க. தெக்குச் செவுத்துல மாட்டினா ஊட்டுப் பெரியவருக்கு ஆகாது" என்றார் வம்சி. வந்திருந்ததில் முக்கால்வாசி கருப்பு வெள்ளைதான். வாஸ்துவின் கையால் அவை அங்கேயே காலமாயின.

கடைசிச் சுவரில் இருந்தது கோட்டைமேட்டு யுஸ்ராவின் படம். ஒரு மில் விடுதியின் இரும்புக் கதவு. உச்சியில் நாக்கைத் தொங்கவிட்ட திருஷ்டிப் பூதம். உள்ளே கம்பிகளைப் பிடித்தபடி வரிசையாகப் பெண் பிள்ளைகள். கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டு. மூன்று வருடம் உள்ளேயே இருந்து வேலை செய்தால் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று சொல்லிக் கூட்டிவரும் பிள்ளைகள். ஒருத்தியின் கண்ணைச் சென்னகிருஷ்ணனால் தாண்டிப் போக முடியவில்லை.

வம்சி குனிந்து, படத்தின் கீழே பென்சிலில் எழுதியிருந்த 3/15-ஐப் பார்த்தார். "மூணும் ஒண்ணும் அஞ்சும் ஒம்போது. செவ்வாய் நம்பர். படந்தான் ஆகாது, நம்பர் ஆகுமுங்க."

அந்த நேரம் பார்த்து அரங்கசாமி உள்ளே வந்தார். கதவு அவருடையது. பூதமும் அவருடையதே, நாக்கின் நீளத்தைக்கூட அந்தப் பெண் விடவில்லை. சென்னகிருஷ்ணனுக்கு வியர்த்தது.

"இதை எடுத்துரலாமுங்ணா. போட்டிக்கே வரலைன்னு வெச்சுக்கலாம்."

"எடுத்தா பேப்பர்காரன் எழுதுவானுங்க" என்றார் அரங்கசாமி நிதானமாக. "மொதல் பரிசு குடுத்துருங்க. மொதல் பரிசு வாங்குன படம் அறக்கட்டளைக்குச் சொந்தம்னு விதி இருக்குதில்ல? குடோன்ல போட்டுப் பூட்டிப்போட்டா யாரு பாக்கப் போறா?"

சென்னகிருஷ்ணனுக்கு அந்த யோசனை தேனாக இனித்தது. படமும் உண்மையிலேயே முதல் தரம். மனசாட்சியும் முதலாளியும் ஒரே பக்கம் நிற்கும் பாக்கியம் எத்தனை நடுவருக்குக் கிடைக்கும்? நூற்றுக்கு நூறு போட்டார்.

பரிசளிப்பு அன்று மண்டபம் நிறைந்திருந்தது. யுஸ்ரா கேடயத்தை வாங்கிக்கொண்டு மைக்கின் முன் நின்றாள்.

"நன்றிங்க. அந்த ஆஸ்டல்ல ஞாயித்துக்கிழமை புள்ளைங்களுக்கு டிராயிங் சொல்லிக்குடுத்துட்டு இருந்தேன். அப்பறம் என்னைய உள்ள உடறதில்லை. அதான் செதுக்கினேன். ஒரே கட்டையில பதினஞ்சு பிரதி எடுத்தேனுங்க, பதினஞ்சுமே அசல்தான். இங்க இருக்கறது மூணாவது. ஒண்ணு கருமத்தம்பட்டித் தொழிற்சங்க ஆபீஸ்ல மாட்டியிருக்குது. மத்ததெல்லாம் வேலைய உட்டுட்டு வந்த புள்ளைங்க ஊட்டுல இருக்குது. இனி எல்லாத்துக்கும் கீழ, அரங்கசாமி அறக்கட்டளை மொதல் பரிசுன்னு எழுதிக்குவோம்."

பின்வரிசைகளில் கைதட்டல் எழுந்தது. பத்திரிகைக்காரர்கள் படத்தை நோக்கி ஓடினார்கள். அச்சு ஓவியத்துக்குப் போட்டி வைத்தவருக்கும் தீர்ப்புச் சொன்னவருக்கும், அச்சு என்றால் ஒன்றுக்கு மேல் இருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

அரங்கசாமி சென்னகிருஷ்ணனின் காதருகே சாய்ந்தார். "நகலுக்குப் பரிசு கெடையாது, தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லிப்போடுங்க. அடுத்து உங்க பேரைத்தான் அறிவிக்கப் போறோம், பாத்துக்குங்க."

சென்னகிருஷ்ணன் எழுந்து மைக்கைப் பிடித்தார். முன்வரிசையில் பங்காரம்மாவின் அண்ணன் தம்பிகள் போனைத் தூக்கி வீடியோ எடுக்கத் தயாரானார்கள். வாயைத் திறந்தார். இத்தனை வருடங்களில் எல்லாப் போட்டியையும் அவர் முடித்துவைத்த வாக்கியம் தானாக வந்து விழுந்தது.

"நடுவர்களின் தீர்ப்பே இறுதியானதுங்க."

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. அரங்கசாமி அவருடைய சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார். 'ஆனால்' என்று தொடங்கினால் போதும், எல்லாவற்றையும் திருப்பிவிடலாம். அதற்கு வேண்டிய நேரமும் இருந்தது. சென்னகிருஷ்ணன் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். மைக்கைத் தாங்கியில் செருகிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அறக்கட்டளையின் புதிய உறுப்பினராக வம்சி அறிவிக்கப்பட்டார்.

வரும்போது ஏற்றி வந்த அரங்கசாமியின் கார், போகும்போது சென்னகிருஷ்ணனுக்காக நிற்கவில்லை. மச்சான்மார் வண்டியில் இடமில்லை என்றார்கள். பங்காரம்மா ஒன்றும் பேசாமல் பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்தாள். யுஸ்ரா அங்கே கேடயத்தைத் துப்பட்டாவில் சுற்றிப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"சார் தைரியமாப் பேசுனீங்க" என்றாள்.

சென்னகிருஷ்ணன் தலையை ஆட்டி மறுத்தார். "இல்லை கண்ணு. பூட்டி வெக்கறதுக்குத்தான் உனக்குப் பரிசு குடுத்தோம்."

"தெரியுமுங்க. மொதல் பரிசுன்னு போன் வந்தப்பவே நெனச்சேன்."

"தெரிஞ்சுமா வந்தே?"

"பரிசு வாங்கறவங்களுக்கு மைக்குக் குடுப்பாங்கல்லங்க சார்" என்றாள் யுஸ்ரா.

பங்காரம்மா அத்தனை நேரத்துக்கும் சேர்த்துச் சிரித்தாள். பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்து, "உங்களுக்கு முப்பது வருசமா மைக்குக் குடுத்துட்டுத்தான் இருந்தாங்க" என்றாள்.